கையில் தெரியும் கோளாறு

மதுரையில் ஒரு மாலை. மாட்டுத்தாவணியைத் தாண்டி ஒரு சிக்னலில் நிற்கிறேன். பச்சை விழுந்தது, கியர் விழவில்லை. கிளட்ச்சை முழுக்க மிதித்தபடி கியர் ராடை முன்னே தள்ளினால், சுவரில் முட்டியது போல நிற்கிறது. இன்னும் கொஞ்சம் பலமாகத் தள்ளினால் கீழே எங்கோ 'கர்ர்ர்' என்று ஒரு கடி. பின்னால் ஹாரன் கச்சேரி தொடங்கிவிட்டது. இரண்டு பேர் கைகொடுக்க, வண்டியைத் தள்ளிக்கொண்டே பக்கத்துப் பட்டறைக்குப் போனோம்.

அங்கிருந்த இளைஞர் கியர் ராடை நான்கு முறை ஆட்டினார். "பாக்ஸை இறக்கணும் சார். மூணு நாள் ஆகும்" என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்தோ என்னவோ, உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்தார். "இன்ஜின ஆஃப் பண்ணிட்டு ஒவ்வொரு கியரா போடுங்க சார்" என்றார். போட்டேன். ஐந்து கியரும் ரிவர்ஸும் வாழைப்பழத்தில் ஊசி ஏறுவது போல விழுந்தன. பெரியவர் குனிந்து என் காலடியைப் பார்த்தார். பழைய மிதியடிக்கு மேல் அந்த வாரம்தான் நான் வாங்கிப் போட்டிருந்த தடித்த ரப்பர் மிதியடியை உருவி வெளியே போட்டார். "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

முதல் கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

இரண்டு மிதியடிகள் சேர்ந்து கிளட்ச் பெடலின் கடைசி அரை அங்குலத்தைத் தின்றிருந்தன. கோளாறு தெரிந்தது கையில், இருந்தது காலடியில். பெரியவர் சொன்னது ஒரே ஒரு சோதனைதான். அந்தச் சோதனைக்குள் கியர்பாக்ஸின் இயற்பியல் பாதி அடங்கியிருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால், பட்டறைக்குப் போகும் முன்பே ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடி கோளாறு எந்தப் பக்கம் என்று நாமே ஓரளவு சொல்லிவிடலாம்.

கியர் எதற்கு?

காரின் பெட்ரோல் இன்ஜின் ஒரு பிடிவாதக்காரர். நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்றுக்குக் கீழே போனால் திணறி அணைந்துவிடும். 6,000 சுற்றுக்கு மேல் ஓட்டினால் தாங்காது. நல்ல இழுவை கிடைப்பது இடைப்பட்ட வேகத்தில்தான். சக்கரத்தின் தேவையோ வேறு. சிக்னலில் அது பூஜ்யத்தில் நிற்க வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது ஒரு சிறிய காரின் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 525 முறைதான் சுற்றும். இந்த இருவரையும் ஒத்துப்போக வைக்கும் தரகர்தான் கியர்பாக்ஸ்.

சிறிய பற்சக்கரம் பெரிய பற்சக்கரத்தைச் சுற்றினால் வேகம் குறையும், திருகுவிசை கூடும். கடப்பாரையால் பாறையைப் புரட்டும் அதே நெம்புகோல் கணக்கு இது. ஒரு சிறிய காரின் முதல் கியரில் இந்த விகிதம் ஏறக்குறைய 3.5. அதற்கு அப்பால் சக்கரத்துக்குப் போகும் வழியில் உள்ள கடைசிப் பற்சக்கர இணை இன்னும் 4 மடங்கு சேர்க்கும். ஆக, இன்ஜின் 14 அல்லது 15 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். அதனால்தான் முதல் கியரில் ஆக்சிலேட்டரைத் தொடாமல் விட்டால் வண்டி மணிக்கு 6 கிலோமீட்டரில், விறுவிறுவென்று நடக்கும் மனிதரின் வேகத்தில் ஊர்கிறது. ஐந்தாம் கியரின் விகிதம் 0.8 அளவில் இருக்கும். இங்கே இன்ஜினைவிட கியர்பாக்ஸின் வெளித்தண்டு வேகமாகச் சுற்றும். இழுவை குறைவு, ஓட்டம் அதிகம். கொடைக்கானல் மலைப்பாதையில் ஐந்தாம் கியர் மூச்சுவாங்குவதும், நெடுஞ்சாலையில் இரண்டாம் கியர் அலறுவதும் இதனால்தான்.

பற்சக்கரங்கள் நகர்வதில்லை

கியர் மாற்றும்போது உள்ளே ஒரு பற்சக்கரம் நகர்ந்துபோய் இன்னொன்றோடு கோத்துக்கொள்கிறது என்றே பலரும் நினைக்கிறோம். கார்களின் தொடக்க காலத்தில் அப்படித்தான் இருந்தது. இன்றைய கார்களில் முன்னோக்கிப் போகும் கியர்களின் பற்சக்கரங்கள் எல்லாமே எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியேதான் சுற்றுகின்றன. ஒவ்வோர் இணையிலும் ஒரு சக்கரம் தன் தண்டோடு ஒட்டாமல் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். நாம் கியர் போடுவது என்பது, அந்தச் சும்மா சுழலும் சக்கரங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துத் தண்டோடு பூட்டுவது. பூட்டும் வேலையைச் செய்வது ஸ்லீவ் என்ற வளையம். அதைக் கவட்டை வடிவில் இருக்கும் ஃபோர்க் முன்னும் பின்னும் தள்ளுகிறது. ஃபோர்க்கைத் தள்ளுவது நம் கையில் இருக்கும் கியர் ராடு.

பூட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. ஸ்லீவ் ஒரு வேகத்தில் சுற்றும், அது பூட்ட வேண்டிய சக்கரம் வேறொரு வேகத்தில் சுற்றும். இரண்டாம் கியரில் 3,000 சுற்றில் போகும் வண்டியை மூன்றாம் கியருக்கு மாற்றினால், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தும் பிரித்தும் வைக்கும் கிளட்ச்சின் பிளேட்டோடு இணைந்திருக்கும் தண்டின் வேகம் 3,000-இலிருந்து ஏறக்குறைய 2,000-க்கு இறங்கியாக வேண்டும். அதுவும் ஒரு நொடிக்குள். இறங்காமல் பூட்ட முயன்றால் பல்லோடு பல் மோதிக் கடிக்கும்.

ஓடும் டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொள்கிறவரைப் பாருங்கள். நின்ற இடத்திலிருந்து தாவமாட்டார். பஸ்ஸோடு நாலடி ஓடி, வேகம் ஒத்துப்போன பிறகுதான் படியில் கால் வைப்பார். கியர்பாக்ஸில் அந்த நாலடி ஓட்டத்தை ஓடித்தருவது சின்க்ரோ ரிங் என்ற பித்தளை வளையம். ஸ்லீவ் நகரத் தொடங்கியதும் முதலில் இந்த வளையம் பற்சக்கரத்தின் கூம்பு வடிவப் பகுதியில் போய் அழுந்தும். உராய்வினால் இரண்டின் வேகமும் ஒன்றாகும். அதுவரை ஸ்லீவை உள்ளே விடாமல் வளையத்தின் பற்கள் வழிமறித்து நிற்கும். வேகம் ஒத்துப்போன கணத்தில் வழிவிடும். கியர் போடும்போது நடுவழியில் கையில் ஒரு சின்னத் தயக்கம் தெரிகிறதே, அது இந்தக் காத்திருப்புதான்.

1928-இல் அமெரிக்காவின் காடிலாக் நிறுவனம் தன் அடுத்த ஆண்டு மாடல்களில் இந்த ஏற்பாட்டின் தொடக்க வடிவத்தைக் கொண்டுவந்தது. உருவாக்கியவர் ஏர்ல் தாம்ப்சன் என்ற பொறியாளர். அதற்கு முன் ஓட்டியவர்கள் இந்த வேலையைக் காலால் செய்தார்கள்: கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்ச்சை விட்டு இன்ஜின் வேகத்தைச் சரிசெய்து, மறுபடி மிதித்து அடுத்த கியர். பழைய லாரி ஓட்டுநர்கள் 'டபுள் கிளட்ச்' என்று சொல்வது இதைத்தான். கியரைச் சுலபமாக்கிய அதே தாம்ப்சன்தான், பிறகு கிளட்ச் பெடலே இல்லாத ஹைட்ரா-மேட்டிக் ஆட்டோமேட்டிக் கியரை உருவாக்கிய குழுவையும் நடத்தினார். 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் அது விற்பனைக்கு வந்தது.

முதல் சோதனை: இன்ஜினை அணையுங்கள்

இப்போது மதுரைப் பெரியவரின் சோதனைக்கு வருவோம். நிற்கும் வண்டியில் சக்கரத்தோடு இணைந்த தண்டு அசையாமல் இருக்கும். முதல் கியர் விழ வேண்டுமானால் கிளட்ச் பக்கத் தண்டும் நிற்க வேண்டும். கிளட்ச் முழுதாகப் பிரிந்தால், அந்தத் தண்டு வெறும் தன் ஓட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். சின்க்ரோ ரிங் அதை எளிதில் பிடித்து நிறுத்திவிடும். கிளட்ச் முழுதாகப் பிரியாவிட்டால் இன்ஜின் அந்தத் தண்டை விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு பித்தளை வளையம் இன்ஜினோடு மல்லுக்கட்டி வெல்ல முடியுமா? வேகம் ஒத்துப்போகாது, வளையம் வழிவிடாது, கியர் விழாது.

இன்ஜினை அணைத்தால் சுற்றும் ஆளே இல்லை. ஆகவே, இன்ஜின் அணைந்திருக்கும்போது எல்லாக் கியரும் லேசாக விழுந்து, ஓடும்போது மட்டும் எதுவும் விழாவிட்டால், சந்தேகப்பட வேண்டியது கிளட்ச்சை. கியர்பாக்ஸை இறக்குமுன் பார்க்க வேண்டிய எளிய காரணங்கள் பல: பெடலுக்கு அடியில் மிதியடி, நீண்டுபோன அல்லது இழை அறுந்துவரும் கிளட்ச் கேபிள், பெடலில் அளவுக்கு மீறிய ஃப்ரீ பிளே, அதாவது வேலை செய்யத் தொடங்கும் முன் உள்ள வெற்று அசைவு. கேபிளுக்குப் பதிலாகத் திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் என்றால் டப்பாவில் பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். குழாயில் காற்று புகுந்திருக்கலாம். மாஸ்டர் சிலிண்டரோ ஸ்லேவ் சிலிண்டரோ கசியலாம். பெடலை நாலைந்து முறை படபடவென்று மிதித்த பிறகு கியர் விழுந்தால், ஹைட்ராலிக் பக்கம்தான் ஓட்டை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இந்தச் சந்தேகத்தை உறுதிசெய்ய ரிவர்ஸ் கியர் உதவும். பல கார்களில் ரிவர்ஸுக்குச் சின்க்ரோ ரிங் கிடையாது. எனவே அது பொய் சொல்லாத சாட்சி. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, கிளட்ச்சை முழுக்க மிதித்து மூன்று நான்கு நொடி காத்திருங்கள். தண்டு தானாக நின்றிருக்க வேண்டும். பிறகு ரிவர்ஸை மெல்லப் போடுங்கள். அப்போதும் கடித்தால் கிளட்ச் பிரியவில்லை. காத்திருக்காமல் போட்டுக் கடித்தால், அது அவசரத்தின் சத்தம், கோளாறின் சத்தமல்ல. ரிவர்ஸுக்கு முன் ஒரு முன் கியரைத் தொட்டுவிட்டு வரும் ஓட்டுநர்கள் உண்டு. முன் கியரின் சின்க்ரோ ரிங்கை வைத்துத் தண்டை நிறுத்திக்கொள்ளும் கெட்டிக்காரத்தனம் அது.

கிளட்ச் பிரியாதது ஒரு நோய் என்றால், ஒட்டாதது எதிர் நோய். மேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி, வண்டி ஏறாமல் இருந்தால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. கருகிய வாடையும் வரலாம். சமதளத்தில் ஹேண்ட் பிரேக்கை இறுக்கி, நான்காம் கியரில் கிளட்ச்சை விட்டுப் பாருங்கள். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் உடனே அணைந்துவிடும். அணையாமல் உறுமிக்கொண்டிருந்தால் பிளேட்டின் ஆயுள் முடியப்போகிறது. இந்தச் சோதனையை ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள். சோதனையே பிளேட்டைத் தேய்க்கும்.

இரண்டாம் சோதனை: ராடு சொல்கிறதா, பாக்ஸ் கேட்கிறதா?

இன்ஜின் அணைந்திருக்கும்போதும் கியர் விழவில்லை என்றால் விசாரணை திசைமாறும். அப்போதும் பாக்ஸைக் குற்றம் சொல்லக் கூடாது. நடுவில் ஒரு தூதுவர் இருக்கிறார்.

இன்றைய முன்சக்கர இழுவைக் கார்களில் கியர்பாக்ஸ், பானெட்டுக்குள் இன்ஜினுக்குப் பக்கவாட்டில் இருக்கிறது. கியர் ராடு நம் இடது கைப்பக்கம் இருக்கிறது. பெரும்பாலும் இரண்டு கேபிள்கள் இரண்டையும் இணைக்கின்றன. ஒன்று, ராடு இடம் வலமாக அசைவதை எடுத்துச்சென்று எந்த ஃபோர்க் என்று தேர்ந்தெடுக்கும். மற்றொன்று, முன்பின் அசைவை எடுத்துச்சென்று அந்த ஃபோர்க்கைத் தள்ளும். கேபிள் முனைகளில் பிளாஸ்டிக்கிலோ ரப்பரிலோ சிறிய புஷ் இருக்கும். இன்ஜின் சூட்டில் வெந்து, ஆண்டுக்கணக்கில் அசைந்து, அது ஒருநாள் உடைந்து உதிரும். அன்றைக்கு ராடு கூழில் விட்ட அகப்பை போல எந்தப் பக்கமும் ஆடும். மூன்று போட்டால் ஐந்து விழும். அல்லது எதுவும் விழாது. கைக்குள் அடங்கும் ஒரு புஷ்ஷுக்காகக் கியர்பாக்ஸைப் பிரித்த கதைகள் பட்டறைகளில் ஏராளம்.

சோதிக்க இரண்டு பேர் போதும். இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, பானெட்டைத் திறந்துகொள்ளுங்கள். ஒருவர் ராடை அசைக்க, மற்றவர் கேபிள் போய்ச் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். ராடு அசைந்தும் பாக்ஸின் மேலிருக்கும் கை (லீவர்) அசையாவிட்டால் தூதுவர் செய்தியை வழியிலேயே தொலைத்துவிட்டார். கேபிளைக் கழற்றிவிட்டு அந்தக் கையை மெக்கானிக் நேரடியாக அசைத்துப் பார்ப்பார். 'டக்', 'டக்' என்று தெளிவாக விழுந்தால் பாக்ஸ் நிரபராதி.

அம்பாசிடரையும் பிரீமியர் பத்மினியையும் ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. அவற்றின் பழைய மாடல்களில் கியர், ஸ்டியரிங் தண்டோடு ஒட்டியே இருந்தது. அங்கிருந்து பாக்ஸ் வரை கம்பிகளும் மூட்டுகளும் வரிசையாகப் போகும். மூட்டுகள் தேய்ந்தால் கியர் சிக்கிக்கொள்ளும். ஓட்டுநர் இறங்கிப் பானெட்டைத் தூக்கி, கையாலேயே கம்பியை நகர்த்திச் சிக்கலை எடுத்துவிட்டு மறுபடி ஏறி உட்காருவார். பாக்ஸைத் திறக்கும் எண்ணமே அவருக்கு வந்ததில்லை.

சரிவில் கியரில் நிறுத்திய வண்டியில் கியர் வெளியே வர மறுப்பதும் கோளாறல்ல. வண்டியின் மொத்த எடையும் பூட்டிய பற்களின் மேல் சாய்ந்திருக்கிறது. பிரேக்கை மிதித்துக் கிளட்ச்சை அழுத்தி, வண்டியைச் சற்றே முன்பின் அசையவிட்டால் விடுபட்டுவிடும்.

பாக்ஸுக்குள் இருக்கும் நோய்கள்

கிளட்ச்சும் கேபிளும் சரி என்று தெரிந்த பிறகே பாக்ஸுக்குள் போக வேண்டும். அங்கும் 'எந்தக் கியர்?' என்பதுதான் பெரிய தடயம்.

எல்லாக் கியரும் கடித்தால் காரணம் பொதுவானது, அதாவது கிளட்ச்சோ ஆயிலோ. ஒரே ஒரு கியர் மட்டும் கடித்தால் அந்தக் கியரின் சின்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. பெரும்பாலும் முதலில் தேய்வது இரண்டாம் கியருடையது. நகர நெரிசலில் அதிகம் போட்டு எடுப்பது அதைத்தான். முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இடையில் வேக வித்தியாசமும் மிக அதிகம். அந்த வித்தியாசத்தை ஒவ்வொரு முறையும் சரிசெய்வது அந்த வளையம்தான். தேயத் தேய வளையம் கூம்பின் மேல் இன்னும் உள்ளே போய் உட்காரும். பிரேக் போடும் பிடிமானம் குறையும். காலையில் ஆயில் குளிர்ந்திருக்கும்போது மட்டும் கடித்தது, பிறகு நாள் முழுக்கக் கடிக்கத் தொடங்கும். பாக்ஸைப் பிரித்ததும் மெக்கானிக் வளையத்தைக் கூம்பில் அழுத்தி, வளையத்துக்கும் பற்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகடுகளால் அளப்பார். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குக் கீழே போயிருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

விழுந்த கியர் ஓட்டத்தில் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வருவது இன்னொரு நோய். ஆக்சிலேட்டரை விடும்போதோ பள்ளத்தில் குலுங்கும்போதோ இது நடக்கும். ஸ்லீவைத் தன் இடத்தில் பிடித்துவைக்கும் குண்டும் ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கலாம், ஃபோர்க் தேய்ந்திருக்கலாம், பூட்டும் பற்களின் முனை மழுங்கியிருக்கலாம். பாக்ஸுக்கு வெளியேயும் ஒரு காரணம் உண்டு. இன்ஜின் மவுண்டிங் கிழிந்தால், வேகம் கூட்டும்போதும் குறைக்கும்போதும் இன்ஜினும் பாக்ஸும் சேர்ந்து புரளும். அந்தப் புரளல் கியரைப் பிடுங்கிவிடும். அப்போது ராடும் கூடவே துள்ளுவது கண்ணுக்கே தெரியும்.

சத்தங்களுக்கும் ஒரு மொழி உண்டு. நியூட்ரலில் இன்ஜின் ஓடும்போது உறுமல் கேட்டு, கிளட்ச்சை மிதித்ததும் நின்றுவிட்டால், கிளட்ச் பக்கத் தண்டின் பேரிங் தேய்ந்திருக்கிறது. கிளட்ச் மிதித்தால் அந்தத் தண்டு நின்றுவிடுவதால் சத்தமும் நிற்கிறது. மாறாக, கிளட்ச்சை மிதிக்கும்போது மட்டும் கீச்சென்று கேட்டால் அது கிளட்ச்சை அழுத்திப் பிரிக்கும் ரிலீஸ் பேரிங். ஒரு கியரில் மட்டும் ஊளையிட்டால் அந்த இணைப் பற்சக்கரங்கள். எந்தக் கியரானாலும், நியூட்ரலில் உருண்டாலும், வண்டியின் வேகத்தோடு ஏறி இறங்கும் உறுமல் என்றால் சக்கர பேரிங்கையோ கடைசிப் பற்சக்கர இணையையோ பார்க்க வேண்டும். வளைவில் 'டக் டக் டக்' என்று தட்டினால் அது ஆக்சில் மூட்டு. கியர்பாக்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ரிவர்ஸ் மட்டும் ஊளையிடுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். முன் கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை; ஒரு பல் முழுதாக விலகுமுன் அடுத்த பல் மெல்லத் தோள்கொடுக்கும், அதனால் சத்தமில்லை. பல கார்களில் ரிவர்ஸின் பற்கள் நேராக வெட்டப்பட்டவை. பல்லுக்குப் பல் ஒரே தட்டாகத் தட்டுவதால் அந்த ஊளை. அது பிறவிக் குரல்.

ஆயில் சொல்லும் ஜாதகம்

சிறிய காரின் கியர்பாக்ஸில் இருப்பது ஏறக்குறைய இரண்டு லிட்டர் ஆயில். இன்ஜின் ஆயிலை மாற்ற மறக்காதவர்கள்கூட இதை மறந்துவிடுவார்கள். வடிகட்டும்போது அதன் நிறத்தையும், ஆயிலை வடிக்கக் கழற்றும் திருகின் முனையில் காந்தம் இருந்தால் அதையும் பாருங்கள். காந்தத்தில் மை போலச் சாம்பல் பசை ஒட்டியிருந்தால் இயல்பான தேய்மானம். இரும்புச் செதில்கள் இருந்தால் எங்கோ பல்லோ பேரிங்கோ உதிர்கிறது. ஆயிலில் பொன்துகள் போல மினுமினுப்பு இருந்தால் அது சின்க்ரோ ரிங்கின் பித்தளை.

ஆயில் மாற்றும்போது 'கெட்டியானது எதுவும் நல்லது' என்று ஊற்றிவிடக் கூடாது. சின்க்ரோ ரிங்குக்குக் கொஞ்சம் உராய்வு வேண்டும். அளவுக்கு மீறி வழுக்கும் ஆயிலில் அது கூம்பைப் பிடிக்காமல் சறுக்கும். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று டப்பாவில் எழுதியிருப்பதற்குப் பொருள் உண்டு. ஐந்தில் கந்தக, பாஸ்பரஸ் கலவைகள் அதிகம். கடும் அழுத்தம் தாங்கும் பின்புற ஆக்சில்களுக்கு அது நல்லது. ஆனால் அதில் சில வகைகள் பித்தளையை அரிக்கக்கூடியவை. எண் பெரிதாக இருப்பதாலேயே தரம் உயர்ந்தது என்று நினைக்க வேண்டாம். வண்டியின் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே மருந்து.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய வண்டிகளில் இன்ஜினைச் சரிசெய்து கியர்பாக்ஸை மறந்தவர்கள் உண்டு. கியர்பாக்ஸின் தலையில் காற்று போய்வர ஒரு சிறு துளை இருக்கும். ஓடிச் சூடேறிய பாக்ஸ் திடீரென்று வெள்ளத்தில் முங்கினால், உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். அந்த வெற்றிடத்தை நிரப்ப, துளை வழியாகத் தண்ணீர் உறிஞ்சப்படும். ஆயிலோடு கலந்து பால் டீயின் நிறத்துக்கு வரும். அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங்குகள் துருப்பிடித்துச் சில மாதங்களில் உறுமத் தொடங்கும். வெள்ளத்தில் நின்ற வண்டி எதுவானாலும் கியர் ஆயிலை வடித்துப் பார்த்தே ஓட்ட வேண்டும்.

இறக்குவது என்று முடிவானால்

சில நேரம் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். பெரிய செலவு பெரும்பாலும் இறக்கி ஏற்றும் கூலிதான். அதனால் ஒருமுறை இறக்கினால் கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுவது லாபம். தேய்ந்த பிரஷர் பிளேட்டோடு புதுப் பிளேட்டைப் போட்டு, ஆறு மாதத்தில் மறுபடி இறக்கினால் மிச்சம் பிடித்தது இரண்டு மடங்காகப் போய்விடும். இன்ஜினுக்கும் பாக்ஸுக்கும் நடுவில் உள்ள ஆயில் சீல்களையும் அப்போதே மாற்றிவிட வேண்டும். அங்கிருந்து ஒரு சொட்டு ஆயில் கசிந்தாலும் புதுப் பிளேட் வழுக்கும். பல் உடைந்த சக்கரத்தை மாற்றினால், அதோடு சேர்ந்து தேய்ந்த ஜோடியையும் மாற்றுவதே முறை. புதுப் பல்லும் பழைய பல்லும் ஒத்துப்போகாமல் ஊளையிடும்.

ஆட்டோமேட்டிக்கிலும் இதே பாடம்

2014-இல் மாருதி செலேரியோ வழியாக இந்தியாவில் பரவிய ஏஎம்டி (ஆட்டோமேட்டட் மேனுவல் டிரான்ஸ்மிஷன்), உள்ளே நாம் இதுவரை பார்த்த அதே கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சையும் ஃபோர்க்கையும் மனிதருக்குப் பதிலாக ஒரு கணினியின் சொல்கேட்டு இயங்கும் கருவிகள் அசைக்கின்றன. பெடல் இல்லை என்பதால் கிளட்ச் தேயாது என்று நினைத்து, மேம்பாலச் சரிவில் ஆக்சிலேட்டரிலேயே வண்டியை நிறுத்திவைத்தால் பிளேட் கருகும்.

முழு ஆட்டோமேட்டிக் வண்டிகளில் அடிக்கடி வரும் புகார், 'பி' (பார்க்கிங்) நிலையிலிருந்து ராடு வெளியே வரவில்லை என்பது. உடனே பெரிய பட்டறையைத் தேட வேண்டாம். பிரேக்கை மிதித்தபடி, பின்னால் பிரேக் விளக்கு எரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் மிதித்திருப்பதாகச் செய்தி வந்தால்தான் ராடின் பூட்டு திறக்கும். அந்தச் செய்தியைத் தருவது பெடலுக்கு மேலிருக்கும் சிறு சுவிட்ச். பல வண்டிகளில் விளக்குக்கும் பூட்டுக்கும் அது பொது. விளக்கு எரியாவிட்டால் சுவிட்ச்சையோ ஃபியூஸையோ பாருங்கள். இங்கும் கோளாறு கையில் தெரிகிறது, காலடியில் இருக்கிறது.

பட்டறையில் என்ன சொல்வது?

சில பழக்கங்களை விட்டால் பாதிக் கோளாறு வராது. ஓட்டும்போது கையை ராடின் மேல் வைத்தே இருக்காதீர்கள். அந்தச் சிறு எடை உள்ளே ஃபோர்க்கைச் சுழலும் ஸ்லீவின் மேல் ஓயாமல் உரசவைக்கிறது. சிக்னலில் நீண்ட நேரம் கிளட்ச்சை மிதித்தபடி நிற்காதீர்கள். ரிலீஸ் பேரிங் உங்களுக்காக உழைத்துத் தேய்கிறது. வண்டி முழுதாக நின்ற பிறகே ரிவர்ஸ். தயங்கும் கியரை அடித்துத் திணிக்காதீர்கள்; வளையம் வேலை செய்ய அரை நொடி கொடுங்கள்.

அப்படியும் பட்டறைக்குப் போக நேர்ந்தால் 'கியர்பாக்ஸ் போயிடுச்சு' என்று போய் நிற்காதீர்கள். அது தீர்ப்பு. மெக்கானிக்குக் கொடுக்க வேண்டியது சாட்சியம். எந்தக் கியர்? இன்ஜின் ஓடும்போதா, அணைந்திருக்கும்போதுமா? வண்டி குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பிறகா? கிளட்ச்சை மிதித்தால் சத்தம் வருகிறதா, நிற்கிறதா? இந்த நான்கு கேள்விக்கும் விடையோடு போங்கள். நல்ல மெக்கானிக் மகிழ்வார். அவசரக்காரர் 'பாக்ஸை இறக்கணும்' என்று சொல்லுமுன் ஒருமுறை யோசிப்பார். வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் மிதியடியையும் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிடுங்கள்.